‘டெலிஷியஸ் டெத்’: வெள்ளிக்கிழமை தொடங்கும் நாவல், ஞாயிற்றுக்கிழமை வெட்டும் கேக்

அகதா கிறிஸ்டியின் ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’ 1950-இல் வெளிவந்தது. மிஸ் மார்ப்பிள் துப்பறியும் இந்த நாவலின் 15-ஆம் அத்தியாயத்துக்கு ஒரு சாக்லேட் கேக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்: ‘டெலிஷியஸ் டெத்’. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கிராமத்தில் லிட்டில் பேடாக்ஸ் என்றொரு வீடு. அங்கே சமைப்பவள் மிட்ஸி, மத்திய ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்தவள். அதே வீட்டில் வசிக்கும் டோரா பன்னர் என்ற பெண்ணின் பிறந்தநாளுக்காக மிட்ஸி செய்யும் கேக் அது. உயிரைக் கொடுத்தாவது சாப்பிட வேண்டிய கேக் என்ற பொருளில் பேட்ரிக் என்ற இளைஞன் இந்தப் பெயரைச் சூட்டுகிறான். என் கேக்கையா அப்படிச் சொல்கிறான் என்று மிட்ஸி கொதிக்கிறாள்.

கேக்கின் அளவுகள் நாவலில் இல்லை. ஆனால் அவளுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பது இருக்கிறது: அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு டின் வெண்ணெய், கிறிஸ்துமஸுக்கென்று எடுத்து வைத்திருந்த உலர் திராட்சையில் கொஞ்சம், ஒரு கட்டி சாக்லேட், ஒரு பவுண்டு சர்க்கரை. இன்று படிக்கும்போது இது சாதாரண மளிகைச் சீட்டு போலத் தோன்றும். அன்று அப்படி இல்லை. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் பிரிட்டனில் வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் எல்லாமே பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தன. போர்க்காலத்தில் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு வழக்கமாகக் கிடைத்த வெண்ணெய் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். சர்க்கரை 8 அவுன்ஸ். மிட்டாய், சாக்லேட் மீதான கட்டுப்பாட்டை 1949-இல் ஒருமுறை நீக்கிப் பார்த்தார்கள். கடைகள் காலியானதால் சில மாதங்களில் மறுபடி கொண்டு வந்தார்கள். சாக்லேட் நிரந்தரமாக விடுபட்டது 1953 பிப்ரவரியில். வெண்ணெய்க்கு 1954 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழே உள்ள செய்முறைக்கு மொத்தம் 175 கிராம் வெண்ணெய் தேவை. போர்க்காலக் கணக்கில் ஒருவருடைய மூன்று வாரப் பங்கு ஒரே கேக்கில் கரைகிறது. அதனால் வெண்ணெயைக் குறைத்து எண்ணெய் ஊற்றுவது, சாக்லேட்டுக்குப் பதில் கோகோ பவுடரை மட்டும் போடுவது போன்ற சிக்கனங்கள் இந்தக் கேக்குக்குப் பொருந்தா. ஆங்கிலேயரின் கேக் மணலைப் போல இருக்கிறது என்பது மிட்ஸியின் குற்றச்சாட்டு. சிக்கனம் பார்த்தால் நமக்குக் கிடைப்பதும் அதுதான்.

இதற்கு முன்பும் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டியின் 120-ஆவது பிறந்த ஆண்டான 2010-இல் பிரிட்டிஷ் நடிகையும் கேக் கலைஞருமான ஜேன் ஆஷர் தன் பாணியில் ஒரு செய்முறை உருவாக்கினார். இங்கே தருவது வேறு. நாவலில் வரும் நான்கு பொருள்களோடு பாதாம் மாவும் சேர்கிறது. கொட்டைப் பருப்பு மாவும் அடித்த முட்டை வெள்ளையும் கொண்டு எழும்பும் கேக்குகள் மத்திய ஐரோப்பிய வீடுகளில் பழகியவை. மிட்ஸியின் கைக்கு அதுவே இயல்பாக வரும். பேக்கிங் பவுடர் கிடையாது.

கதையின் முடிச்சு எதுவும் இங்கே அவிழாது. படிக்காதவர்கள் தைரியமாகத் தொடரலாம்.

எப்போது என்ன செய்வது

நாவல் ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. அக்டோபர் 29, வெள்ளி மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடாக்ஸில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வரவும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஆகவே வெள்ளி மாலை ஆறரைக்குப் புத்தகத்தைத் திறப்பது பொருத்தம். மொத்தம் 23 அத்தியாயங்கள். அன்று மூன்று போதும். மூன்றாவதன் தலைப்பே ‘6.30 மணிக்கு’ என்பதுதான். உட்காரும் முன் திராட்சையை ஆரஞ்சுச் சாற்றிலோ பிராந்தியிலோ ஊற வைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை கேக்கைச் செய்து அடுப்பில் வையுங்கள். வேக முக்கால் மணி, ஆற இரண்டு மணி. அந்த இடைவெளியிலும் மாலையிலுமாக 4 முதல் 14 வரை படிக்கலாம். 12, 13-ஆம் அத்தியாயங்களைக் கேக் வெந்த பிறகு படித்தால் தனிச்சுவை. ஊர்க்காரர்கள் பங்கீட்டுச் சட்டத்துக்குத் தெரியாமல் வெண்ணெயும் மற்றதும் பண்டமாற்று செய்துகொள்வது அங்கேதான் வருகிறது. அந்த நடமாட்டத்தைக் கவனித்துப் படியுங்கள். ஊர் அலங்காரத்துக்காக மட்டும் எழுதப்பட்ட பகுதி இல்லை.

ஞாயிறு காலை மேற்பூச்சு. மாலை தேநீரோடு 15-ஆம் அத்தியாயமும் முதல் துண்டும். கேக் ஓர் இரவு இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்பதால் இந்தக் கால அட்டவணை கேக்குக்கும் சரியாகவே அமைகிறது. அன்றே வெட்டினால் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவும் ஓரம் உலர்ந்தும் இருக்கும். ஒரு இரவில் ஈரம் சமமாகப் பரவி, சாக்லேட்டின் மணமும் எழும்.

பொருள்கள்

8 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு, 12 துண்டுகள்.

டார்க் சாக்லேட் (55 முதல் 60 சதவீதம் கோகோ) – 150 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 150 கிராம்
பொடித்த சர்க்கரை – 150 கிராம் (100, 50 எனப் பிரித்து)
முட்டை – 5 (ஓடு நீங்கலாக ஒன்று சுமார் 50 கிராம்)
பாதாம் – 100 கிராம்
மைதா – 50 கிராம்
கோகோ பவுடர் – 1 மேசைக்கரண்டி
உலர் திராட்சை – 80 கிராம்
ஆரஞ்சுச் சாறு அல்லது பிராந்தி – 60 மில்லி
வெனிலா எசென்ஸ் – 1 தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – கால் தேக்கரண்டி

மேற்பூச்சுக்கு: டார்க் சாக்லேட் 180 கிராம், 25 சதவீதக் கொழுப்புள்ள பிரெஷ் கிரீம் 120 மில்லி, வெண்ணெய் 25 கிராம். எழுத்துக்கு வெள்ளைச் சாக்லேட் 30 கிராம்.

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்டு சாக்லேட். கேக் வரும், ஆனால் நாக்கில் கரையாது. மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும். கரைந்து போகும் செழுமைதான் இந்தக் கேக்கின் உயிர் என்பதால் செலவைக் குறைப்பதென்றால் வேறு எதிலாவது குறையுங்கள்.

நம் ஊர்ச் சர்க்கரையின் மணி பெரியது. அப்படியே போட்டால் வெண்ணெயில் கரையாமல் கேக்கின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மிக்ஸியில் பொடித்து, சலித்து, அதற்குப் பிறகு எடை போடுங்கள். கப் கணக்கு வேண்டாம். பொடிக்கும்போது கப்பில் கொள்ளும் அளவு மாறிவிடும்.

பாதாமை ஊறவைத்துத் தோலுரிக்க வேண்டியதில்லை. ஈரம் மிஞ்சினால் மாவு கட்டிபடும். தோலோடு 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த 50 கிராம் மைதாவிலிருந்து ஒரு கரண்டி சேர்த்து, சின்ன ஜாரில் விட்டு விட்டுத் திருப்புங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கிப் பாதாம் விழுதாகிவிடும். அது முட்டை நுரையைக் கொன்றுவிடும். ரவை பதம் போதும்.

உப்பு போட்ட வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

சனிக்கிழமை காலை

முட்டைகளைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரியுங்கள். கரு உடையாமல் வரும். ஒவ்வொன்றையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் பிரித்து, பிறகு பெரிய பாத்திரத்தில் சேருங்கள். ஐந்தாவது முட்டையில் கரு உடைந்தால் முதல் நாலும் வீணாகாமல் இருக்கத்தான் இந்தப் பாடு. வெள்ளையில் ஒரு சொட்டுக் கரு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையை எழும்ப விடாது. பிரித்த வெள்ளையை அரைமணி வெளியே வைத்தால் நன்றாக நுரைக்கும்.

ஊறிய திராட்சையை வடிகட்டிச் சாற்றை எடுத்து வையுங்கள். திராட்சையை இரண்டு மூன்றாக நறுக்கி, அந்த மைதாவிலிருந்தே ஒரு தேக்கரண்டி தூவிப் புரட்டுங்கள். முழுத் திராட்சை கனமானது. மெல்லிய மாவில் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தட்டின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு, பக்கங்களில் வெண்ணெய் தடவிக் கோகோ தூவுங்கள். மைதா தூவினால் வெள்ளைத் திட்டு தெரியும். ஓடிஜியை (கேக் சுடும் சிறிய மின் அடுப்பு) மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, 160 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்குங்கள். விசிறி உள்ள அடுப்பானால் 150 போதும். முள் காட்டும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கக்கூடும். ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாக்லேட்டைச் சின்னதாக உடைத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது. கரண்டி நன்றாக உலர்ந்திருக்கட்டும். ஆவி ஒரு சொட்டாக மாறி விழுந்தால் கூடச் சாக்லேட் திரண்டு மணல் மாதிரியாகிவிடும். அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்த ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். திரண்டதைக் கேக்கில் போடாதீர்கள். எறியவும் வேண்டாம், மேற்பூச்சுக்குக் கிரீமோடு சேர்த்தால் மீண்டும் இளகும். உருகியதை இறக்கி, விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் வரை ஆறவிடுங்கள்.

வெண்ணெய் அழுத்தினால் குழி விழ வேண்டும். பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது. கோடை நாளில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமே போதும். அதையும் 100 கிராம் சர்க்கரையையும் பீட்டரால் நாலைந்து நிமிடம், நிறம் வெளுத்துப் பஞ்சு போல ஆகும் வரை அடியுங்கள். கருக்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பிறகு உப்பு, வெனிலா, கடைசியில் சாக்லேட். சாக்லேட் சூடாக இருந்தால் வெண்ணெய் உருகிச் சேர்த்த காற்றெல்லாம் போய்விடும். வெண்ணெய்க் கலவை மிகக் குளிர்ச்சியாக இருந்தால் சாக்லேட் விழுந்த இடத்திலேயே இறுகித் துணுக்குகளாக நிற்கும்.

இனித்தான் வெள்ளையை அடிக்க வேண்டும், முன்கூட்டியே அல்ல. நுரை காத்திருக்காது. பாத்திரமும் பீட்டர் கம்பிகளும் வெண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்தவையாக இருக்கட்டும். மிக்ஸி இதற்கு ஆகாது. வெள்ளையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்து நடுத்தர வேகத்தில் அடித்து, சோப்பு நுரை போல வந்ததும் 50 கிராம் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி கொக்கி போல வளைந்து நிற்க வேண்டும், அதுதான் பதம். அதற்கு மேல் போனால் நுரை வறண்டு பஞ்சுத் துண்டுகளாகப் பிரியும். அப்புறம் மாவோடு கலக்கவே கலக்காது, கலக்க முயலும்போது காற்றும் போய்விடும்.

மூன்றில் ஒரு பங்கு நுரையைச் சாக்லேட் கலவையில் போட்டு, தயங்காமல் கிளறி இளக்குங்கள். இந்த முதல் பங்கு பலி கொடுக்கத்தான். கெட்டியான கலவை இளகினால்தான் மீதி நுரை பிழைக்கும். பிறகு பாதாம், மைதா, கோகோ மூன்றும் கலந்த பொடியில் பாதி, நுரையில் பாதி, மீண்டும் பொடி, மீண்டும் நுரை. அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் போடுங்கள், வட்டமாகக் கிண்டாதீர்கள். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் நிறுத்துங்கள்.

பாதி மாவைத் தட்டில் ஊற்றி, திராட்சையை ஓரத்தில் ஒரு விரலிடை விட்டுப் பரப்பி, மீதியை ஊற்றுங்கள். தட்டைத் தரையில் தட்ட வேண்டாம். பேக்கிங் பவுடர் இல்லாத கேக்கில் அந்தக் காற்றுதான் எல்லாம்.

நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து 40 முதல் 45 நிமிடம். முதல் அரைமணி கதவைத் திறக்காதீர்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். 30 நிமிடத்துக்குப் பின் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் குத்திய ஈர்க்குச்சி சுத்தமாக வர வேண்டும். நடுவில் குத்தியதில் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்டலாம். நடுவும் சுத்தமாக வரும் வரை காத்தால் ஓரம் காய்ந்துவிடும். குக்கரிலோ மணல் போட்ட வாணலியிலோ செய்யலாமா என்றால், இந்தக் கேக்குக்கு வேண்டாம். சூடு அடியிலிருந்து மட்டும் ஏறும், மூடியில் திரளும் நீர் மேலே சொட்டும், எழுந்த நுரை அமுங்கிவிடும்.

வெளியே எடுத்ததும் மேல்பகுதி வெடித்து, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். பதற வேண்டாம். இந்த வகைக் கேக்குகளின் இயல்பு அது. அதற்கு மேல் பள்ளம் விழுந்தால் இரண்டில் ஒன்று: நுரை அளவுக்கு மீறி அடிக்கப்பட்டிருக்கும், அல்லது உள்ளே வேகவில்லை. வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடியில் பளபளப்பான ஈரப் பட்டை இருந்தால் வேகவில்லை. எங்கும் பெரிய ஓட்டைகளாக இருந்தால் நுரைதான் காரணம்.

தட்டிலேயே 20 நிமிடம் ஆறவிட்டு, கம்பித் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்துங்கள். தட்டையான அடிப்பக்கமே இனி மேல்பக்கம். வெதுவெதுப்பு இருக்கும்போது, எடுத்து வைத்த திராட்சைச் சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மேலே பிரஷ்ஷால் தடவுங்கள். முற்றிலும் ஆறியதும் மூடி வைத்துவிட்டு நாவலுக்குத் திரும்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை

கிரீமை ஓரத்தில் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கலக்கி, கடைசியில் வெண்ணெயைச் சேருங்கள். குளிர் நாடுகளின் செய்முறைகளில் சாக்லேட்டும் கிரீமும் சம எடை என்று இருக்கும். சென்னை வெயிலில் அது வழிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இங்கே சாக்லேட் கூடுதல். பூச்சு பிரிந்து எண்ணெய் மிதந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்குங்கள், சேர்ந்துகொள்ளும்.

தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக ஆகும் வரை ஆறவிட்டு, கேக்கின் நடுவில் ஊற்றி, கத்தியின் அகலப் பக்கத்தால் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். சூடாக ஊற்றினால் கேக் அதைக் குடித்துவிட்டு மேற்பரப்பு மங்கலாகும். ஒரு மணி நேரம் இறுகட்டும்.

கேக்கின் மேல் நல்வாழ்த்து எழுதுவேன் என்பது மிட்ஸியின் திட்டம். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஊற்றி, நுனியை ஊசி முனை அளவுக்கு வெட்டி எழுதுங்கள். முதலில் ஒரு தட்டில் எழுதிப் பழகுவது நல்லது. தமிழில் ‘நல்வாழ்த்துகள்’ என்று எழுதுவதானால் 8 அங்குலத்தில் ஒரே வரியில் இடம் பற்றாது. ‘நல்’ மேலே, ‘வாழ்த்துகள்’ கீழே.

ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். குளிரில் வெண்ணெயும் சாக்லேட்டும் இறுகி, கேக் செங்கல்லாகத் தோன்றும். மூடியபடியே வெளியே வைத்தால் மேற்பூச்சு வியர்க்காது. கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள். இனிப்பு குறைந்த, திடமான தேநீர் சரியான துணை. ஏலக்காயும் இஞ்சியும் போட்ட டீ சாக்லேட்டோடு சண்டை போடும். அதைவிடச் சர்க்கரை இல்லாத டிகிரி காபி எவ்வளவோ மேல்.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சாக்லேட் கேக் செய்யலாம், இந்தக் கேக்கைச் செய்ய முடியாது. ஐந்து முட்டையின் நுரைதான் இதன் சுவரும் கூரையும். நல்ல முட்டையில்லாச் சாக்லேட் கேக் எதையாவது செய்து, திராட்சையையும் மேற்பூச்சையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

15-ஆம் அத்தியாயத்தைத் துண்டோடு மெதுவாகப் படியுங்கள். விருந்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் எதைச் சாப்பிடுகிறார்கள், யார் யாரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மீதமிருக்கும் எட்டு அத்தியாயங்களில் கதை வேகமெடுக்கும். 19-ஆவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் சந்தேக நபரின் பெயரை எழுதி மடித்து வையுங்கள். இரண்டாவது துண்டை 23-ஆம் அத்தியாயத்துக்கு என்று எடுத்து வைக்கலாம். மீதிக் கேக் காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில், ஐந்து நாள் இருக்கும். மூன்றாம் நாள்தான் திராட்சையின் மணம் நன்றாகத் தெரியும்.